வந்திட்டுதோ, பாருங்கோ

அவர் இறந்தபோது மரண அறிவித்தலில் போடுவதற்கு ஒரு படம் கிடைக்கவில்லை.

கழுத்தில் கமராவோடு திரிந்த மனிதர். டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தில் யாரிடம் விசாரித்தாலும் "ஆர், கமரா அங்கிளோ?" என்பார்கள், பெயரைக் கேட்டால் யோசிப்பார்கள். கனடாவின் இந்த ஸ்காபரோவில் ஒரு தமிழர் கண்ணை மூடினால் அன்று மாலைக்குள் இணையத்தில் அறிவித்தல் வந்துவிட வேண்டும். மேலே படம், கீழே பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பார்வைக்கு வைக்கும் இடம். மொன்றியலில் இருந்த அவருடைய ஒன்றுவிட்ட தம்பி எனக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, நீர்தானே அவரோட பூங்கா பூங்காவாத் திரிஞ்சனீர். உம்மட்ட ஒரு நல்ல படம் இருக்கும், அனுப்பிவிடும்."

"ஒண்டென்ன அங்கிள், ஆயிரம் இருக்கும்" என்று உடனே சொன்னேன். நான் எதையும் உடனே சொல்கிறவள்.

போனைத் திறந்து பார்த்தால் ஆயிரம் இருந்தன. எல்லாம் இலைகள். இலையின் முதுகு, இலையின் நரம்பு, இலையில் ஊரும் பூச்சி. நான் நிற்கும் படங்களும் நிறைய இருந்தன. அவற்றையெல்லாம் எடுத்தவர் அவர். ஒன்றில் மட்டும் கண்ணாடிச் சுவரில் ஒரு நிழல். இன்னொன்றின் மூலையில் கமராவின் தோல்பட்டி. அவ்வளவுதான் அவர்.

"ஹெல்த் கார்டில படம் இருக்குமே" என்றார் அம்மா. இருந்தது. பொலிஸ் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும் ஆளைப்போல அதில் முழித்துக்கொண்டு நின்றார்.

"ஐயோ, உந்தப் படத்தைப் போடாத" என்றார் அம்மா.

கட்டடத்து லிஃப்டில் எத்தனையோ தடவை அவரோடு போய்வந்திருக்கிறேன், ஆனால் அவரைச் சரியாகக் கண்டது கண்ணாடிப் பூங்காவில்தான். ரொறன்ரோவின் நடுவில், கண்ணாடிக் கூரைக்குள் வெப்பநாட்டு மரங்கள் வளர்க்கும் இடம் அது, காசு கேட்கமாட்டார்கள். வெளியே காது விறைக்கும் குளிர். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் புட்டு அவியும் குசினிக்குள் நுழைந்ததுபோல ஒரு வெக்கை, மூக்குக்கண்ணாடி மூடிக்கொள்ளும். பல்கலைக்கழகத்தில் தாவரவியலுக்குச் சேர்ந்த புதிது எனக்கு. எந்த மரத்தைக் கண்டாலும் லத்தீன் பெயரைச் சொல்லிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராத காலம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஈச்சை இனத்து மரமொன்றின் கீழே ஒரு பிலிப்பினோச் சோடி நின்றது. அவர்களுடைய போனை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, முழங்காலை மடித்து, பின்னுக்குப் போய், முன்னுக்கு வந்து படம் பிடித்துக்கொண்டிருந்தார் இவர். எடுத்து முடித்ததும் போனைக் கொண்டுபோய்க் கொடுத்து, படம் வந்ததோ என்று தன்னுடைய ஆங்கிலத்தில், "கேம்? பிளீஸ் செக். கேம்?" என்றார்.

அவர்கள் பார்க்காமலே நன்றி சொல்லி நடக்கத் தொடங்கினார்கள். அவர் விடவில்லை. "நோ, நோ. ஃபெர்ஸ்ட் செக்." அவர்கள் நின்று, திறந்து, பார்த்து, பெருவிரலை உயர்த்திக் காட்டினார்கள். அதன்பிறகுதான் அவருடைய தோள் இறங்கியது.

திரும்பி என்னைக் கண்டார். "ஒன்பதாம் மாடிப் பிள்ளையெல்லோ? அந்தப் பூவுக்குப் பக்கத்தில நில்லும், வெளிச்சம் நல்லாயிருக்கு."

அன்றிலிருந்து பனிக்காலச் சனிக்கிழமைகளில் நாங்கள் ஒரே பஸ்ஸில் போவோம். சேர்ந்து போவோம் என்று பேசிவைத்ததில்லை. தரிப்பிடத்தில் அவர் நிற்பார். நானும் போய் நிற்பேன். அவருக்கு ஒரு செடியின் பெயரும் தெரியாது, தெரியவேண்டும் என்ற எண்ணமும் இல்லை. உயரமாக நின்ற எல்லாமே அவருக்குத் "தென்னையின்ர சொந்தக்காரன்". நான் பத்து நிமிடம் ஓர்க்கிட்டின் வேர் காற்றில் தண்ணீர் குடிப்பதை விளக்குவேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். முடிந்ததும், "சரி, இப்ப கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நில்லும்" என்பார்.

கழுத்துக் கமராவால் அவர் எடுத்து ஒருநாளும் கண்டதில்லை. மற்றவர்களுடைய போனில்தான் எடுப்பார். கலியாண மண்டபங்களில் பெடியள் பகிடி பண்ணுவார்கள்.

"அங்கிள், உங்கட கமராவில எங்களை எடுக்க மாட்டீங்களோ? வடிவு காணாதோ?"

"உது வேலை செய்யாது தம்பி."

"அப்ப ஏன் சுமக்கிறீங்கள்? தாலியோ?"

அவரும் சேர்ந்து சிரிப்பார். பிறகு அவர்களுடைய போனையே வாங்கி, வரிசையாக நிறுத்தி, எடுத்து, திருப்பிக் கொடுத்து, "வந்திட்டுதோ, பாருங்கோ" என்பார். பார்க்கும்வரை போகமாட்டார். அம்மா சொல்வார்: "தனிச்ச மனிசன், பாவம். ஆனா அந்தாளிட்டப் படத்துக்கு நிண்டால் கால் மரத்துப்போம்." என்னுடைய பிறந்தநாளுக்கு அப்பா, அம்மா, நான், கேக் எல்லோரையும் எடுத்துவிட்டு, அப்பா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து பார்க்கும்வரை கேக் வெட்ட விடவில்லை.

அதே பிறந்தநாளில்தான் இன்னொன்றும் நடந்தது. அஜின்கோர்ட்டில் ஒரு சாப்பாட்டுக்கடையில் அம்மா ரோல்ஸ் சொல்லி வைத்திருந்தார். "வாற வழியில எடுத்துக்கொண்டு வாங்கோ அண்ணை" என்று இவரிடம் சொன்னார். இவர் இரண்டு பஸ் மாறி, வேறொரு பிளாசாவில், வேறொரு கடையில் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "அந்தக் கடை பூட்டிக்கிடக்கு" என்றார். பத்து நிமிடத்தில் அந்தக் கடையிலிருந்து போன்: அக்கா, உங்கட ரோல்ஸ் ஆறுது. அம்மா அதை வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்தார்.

அவர் கடை மாறிப் போன காரணம் எனக்குத் தெரியவந்தது நான் சிங்கப்பூருக்குப் புறப்படுவதற்கு முன்பு. மூன்றாம் வருடத்தில் ஒரு பருவம் அங்கே படிக்க இடம் கிடைத்திருந்தது. தலைகால் புரியாத சந்தோசம். கண்ணாடிப் பூங்காவின் வாங்குப் பலகையில் இருந்துகொண்டு அவருக்குப் போனில் வரைபடம் காட்டினேன். பொட்டானிக் கார்டன் இது, குன்றின்மேல் கோட்டைப் பூங்கா இது, நூறு வருடத்துக்கு மேலான மரங்கள் அங்கிள், உடும்பெல்லாம் ரோட்டுக் கடக்குமாம், என்று நான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருக்க, அவர் கேட்டார்:

"அந்த வெள்ளை மண்டபம் இருக்கோ? எட்டு மூலை. வாத்தியக்காரர் நிண்டு வாசிக்கிற மாதிரி."

"இருக்கு! நீங்கள் பாக்கப் போனனீங்களோ?"

"பாக்கப் போகேல்லைப் பிள்ளை. நிண்டனான்."

மன்னாரிலிருந்து புறப்பட்டு, ஏஜென்ற் ஒருவனை நம்பி, கனடா போகும் வழியில் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். நான் பிறப்பதற்கு எவ்வளவோ முந்தைய கதை. சிராங்கூன் பக்கம் ஓர் அறை. இரவில் இவர்கள் படுப்பார்கள். பகலில் இரவுவேலைக்காரர் வந்து படுப்பார்கள். ஆகவே விடிந்ததும் வெளியேற வேண்டும். விசா முடிந்துபோயிருந்தது. தெருவில் கூடி நின்றால் பிடிபடுவார்கள். பூங்காக்களுக்குப் போகச் சொன்னான் ஏஜென்ற். போய், உல்லாசப் பயணிகள் போல நடக்க வேண்டும். "சிரிச்சுக்கொண்டு படம் எடுக்கிறவனிட்ட ஒருத்தனும் பாஸ்போட் கேக்கமாட்டான்" என்பது அவனுடைய கண்டுபிடிப்பு. ஆணையும் பெண்ணையும் சோடி சேர்த்து, புதுமணத் தம்பதி என்று அனுப்பினான். இவருக்குச் சோடியாக வந்தவர் மட்டக்களப்புப் பெண். இவருடைய கழுத்தில் ஒரு கமராவைத் தொங்கவிட்டான்.

"ஆக்கள் நடமாடினால் புருசனை அழைக்கிற மாதிரி என்னை 'இஞ்சாருங்க' எண்டு கூப்பிடுவா. ஒருத்தரும் இல்லாட்டி 'அண்ணன்' எண்டுவா. எனக்குச் சிரிப்பு வரும். ரோட்டு வளைவில முறை மாறும்."

காலையில் வெள்ளை மண்டபம். வெயில் ஏறினால் அன்னக் குளம். மழை வந்தால் ஓடிப்போய் ஒதுங்கும் கூரை. பின்னேரம் குன்றுப் பூங்காவின் படிகள். ஒவ்வோர் இடத்திலும் அந்தப் பெண் சேலையைச் சரிசெய்து, பொட்டை விரலால் தொட்டுப் பார்த்து, நின்று சிரிப்பார். இவர் எடுப்பார். அந்தப் பெண்ணே இடம் தெரிவு செய்வார்: இங்கே பூ இருக்கு, அம்மாவுக்குப் பூ விருப்பம். இங்கே வேண்டாம், நான் மெலிஞ்ச மாதிரித் தெரிவன், அம்மா அழுவா. எல்லாம் ஊரிலிருந்த தாய்க்கு அனுப்புவதற்கு. "கனடா போய்க் கழுவி எனக்குத் தாங்க, மறக்கக்கூடா" என்று ஒவ்வொரு நாளும் சொல்வாராம்.

"நானும் ஓம் ஓம் எண்டனான்." அவர் கமராவின் பின்மூடியைத் திறந்து காட்டினார். "ஏஜென்ற் தரேக்கை உள்ளுக்குப் பிலிம் இல்லை. முதல் நாளே பாத்தனான். அவவுக்குச் சொல்ல மனம் வரேல்லை. சொன்னால் சிரிப்பு நிண்டிடும். சிரிப்பு நிண்டால் ரெண்டு பேரும் பிடிபடுவம். நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு இருந்தன். ஒருநாள் விடிய ஏஜென்ற் வந்து அவவை மட்டும் கூட்டிக்கொண்டு போட்டான்."

"அதுக்குப் பிறகு காணேல்லையோ?"

"கண்டனான். அஜின்கோர்ட்டில கடை வைச்சிருக்கிறா."

நான் வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அங்கிள்! ரோல்ஸ் கடை!"

"ஓம்."

"முப்பது வருசமாப் பக்கத்தில இருந்துகொண்டு ஒளிச்சுத் திரியிறீங்களோ? போய்ச் சொல்லுங்கோவன், முடிஞ்சுது!"

"என்னெண்டு சொல்லுறது? ஒரு தாய் மனிசி தபால்காரனைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கும். வெறுங்கையோட போய் என்னத்தைச் சொல்லுறது?"

நாங்கள் எழும்பும்போது கேட்டார்: "நீர் அங்க போறீர்தானே. அந்த இடங்களை எடுத்துத் தருவீரோ?"

சிங்கப்பூரில் விடியும்போது ரொறன்ரோவில் மாலை. ஒரு வாரம் முழுக்க, வகுப்புக்கு முன்பு, நான் பூங்காவுக்குப் போய் அவரை வீடியோவில் அழைத்தேன். திரையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய நெற்றியும் குசினி பல்பும்தான். போனை எப்படிப் பிடிப்பது என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டார். குரல் மட்டும் வரும். "இன்னும் பின்னுக்குப் போம். மண்டபத்தின்ர படி தெரியவேணும். இல்லை, அவ வலப்பக்கத் தூணில கை வைச்சுக்கொண்டு நிண்டவ. அந்த உயரத்துக்கு இடம் விடும்."

இடம் விட்டு எடுத்தேன். மழைமரங்கள் பெரிய மஞ்சள் குடைகளாக மண்டபத்தைச் சுற்றி நின்றன. அவற்றைப் பற்றி நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கலாம். அன்றைக்கு அவற்றைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. குளத்தருகில் ஒரு சீனத்து அம்மா, தனியாக நின்று வெறும் இடத்தை மாறி மாறி எடுக்கும் என்னைப் பார்த்து இரக்கப்பட்டு, "வா, நான் உன்னை வைத்து எடுக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டார். போனுக்குள்ளிருந்து நெற்றி பதறியது. "வேண்டாம் எண்டு சொல்லும் பிள்ளை! அது அவ நிக்கிற இடம்!"

ஒவ்வொரு படம் முடிந்ததும் அதே கேள்வி. "வந்திட்டுதோ? திறந்து பாரும்." திறந்து பார்த்தேன். வந்திருந்தது. ஆள் இல்லாத தூண், ஆள் இல்லாத குளக்கரை, ஆள் இல்லாத படிகள். எனக்கு அந்த நகரில் இன்னும் ஒரு சிநேகிதியும் கிடைத்திருக்கவில்லை. அவர் போனை வைத்தபிறகு, பூங்காவில் நடக்கும் அத்தனை பேரும் சோடி சோடியாக இருப்பது தெரியும்.

பருவம் முடிந்து திரும்பியதும் படங்களைத் தாளில் கழுவி எடுத்தோம். மினுக்கத் தாள்தான் வேண்டும் என்று நின்றார். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், சனம் குறைந்த நேரம் பார்த்து, அஜின்கோர்ட் கடைக்குப் போனோம். பிளாசா வாசலில் நின்று தலைவாரினார். நான் உற்சாகமாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். முடிச்சு அவிழப் போகிறது, நான் பக்கத்தில் நிற்கிறேன்.

கவுண்டருக்குப் பின்னால், தலையில் வலைத்தொப்பி போட்ட ஓர் அன்ரி வடையைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து "என்ன வேணும்?" என்றவர், கமராவைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த வடை பெட்டிக்குள் விழுந்தது.

"இஞ்சாருங்க!"

இவர் "ஓம்" என்றார்.

ஆனால் அன்ரி திரும்பி உள்ளே பார்த்துத்தான் கூப்பிட்டிருந்தார். "இஞ்சாருங்க, ஓடி வாங்க, ஆரு வந்திருக்காரு பாருங்க! சிங்கப்பூர் அண்ணன்!" குசினியிலிருந்து அன்ரியின் கணவருடைய குரல் வந்தது: "வாறன், எண்ணெய் கொதிக்குது." இவர் தலையைக் குனிந்து உறைக்குள் படங்களைத் தேடுவதுபோலப் பாவனை செய்தார். அந்த "ஓம்" என்னைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை.

"உங்கட படங்கள்" என்று உறையை நீட்டினார்.

அன்ரி கையைத் துடைத்துவிட்டு உறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். மண்டபம். குளம். படி. மறுபடி முதலிலிருந்து பார்த்தார்.

"நான் எங்க?"

"பிலிம் இருக்கேல்லை. அவன் தந்தது வெறும் கமரா. எனக்கு முதல் நாளே தெரியும்."

அன்ரி வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை. "அட பாவி மனிசா! கன்னம் நோகச் சிரிச்சேனே! வெயிலுக்க நிண்டு, மறுகா மறுகா எடுங்க எண்டு கேட்டேனே!"

"அம்மா பாத்துக்கொண்டிருந்திருப்பா. அதுதான் எனக்கு…"

"அம்மா எங்க அண்ணன்?" அன்ரியின் குரல் தணிந்தது. "நான் சிங்கப்பூர் வந்து சேந்த கிழமையே அவ போயிற்றா. வீட்டு ஆக்கள் மறைச்சுப்போட்டாங்க. கனடா வந்துதான் எனக்குத் தெரியும். நீங்க அந்தப் படங்களை ஆருக்கு அனுப்பியிருப்பீங்க?"

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். பாரம் இறங்கிய முகத்தை எதிர்பார்த்துப் பார்த்தேன். அங்கே அப்படி ஒன்றும் இல்லை. இத்தனை வருடமும் அவருடைய மனதில் ஒரு தாய் அவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அதுவும் இல்லை.

"நில்லுங்க" என்றார் அன்ரி. தன் போனை எடுத்தார். "இப்ப நான் எடுக்கிறன். அசையாதீங்க." இவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எதையோ கேட்க வாயெடுத்தார். கிளிக். அதற்குள் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். அன்ரி போனை வைத்துவிட்டு கவுண்டரைக் கவனிக்கத் திரும்பினார். இவர் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. அன்ரி ஒரு பை நிறைய ரோல்ஸ் கட்டி எங்கள் கையில் திணித்து, "அடிக்கடி வாங்க" என்று பிள்ளைகளின் தலைகளுக்கு மேலால் சத்தம் போட்டார்.

அவர் அடிக்கடி போகவில்லை. கண்ணாடிப் பூங்காவுக்கும் வரவு குறைந்தது. லிஃப்டில் கண்டால், "குளிர் பிள்ளை, முழங்கால் ஏலாது" என்பார். கழுத்தில் கமரா இல்லாமல் அவரைக் காண, உடுப்பில்லாத ஆளைக் கண்டதுபோல எனக்குக் கூச்சமாக இருந்தது. கடைசியாகப் போன கலியாணத்தில் யாரோ போனை நீட்டினார்கள், எடுத்தார், கொடுத்தார், ஒன்றும் கேட்காமல் போய்க் கதிரையில் இருந்தார். அடுத்த பனிக்காலத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார்.

மொன்றியல் தம்பி மூன்றாவது முறை போன் எடுத்தபோதுதான் எனக்கு அந்தக் கிளிக் நினைவுக்கு வந்தது. குளிர்க் கோட்டைத் தோளில் கொழுவிக்கொண்டு அஜின்கோர்ட் பஸ்ஸுக்கு ஓடினேன்.

கல்லாப்பெட்டிக்கு மேலே, விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில், வெள்ளை மண்டபம் ஒட்டியிருந்தது. ஆள் இல்லாத தூணோடு. நான் சொல்லச் சொல்ல அன்ரி வலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். போனை எடுத்து, மாப்பட்ட விரலால் தள்ளித் தள்ளித் தேடி, என் இலக்கத்தைக் கேட்டு அனுப்பினார். கடைக்குள் இணையம் மந்தம். என் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"வந்திட்டா? பாருங்க."

"இன்னும் இல்லை அன்ரி."

மெல்ல மெல்லத் தெளிந்தது. பின்னால் வடைத் தட்டு. கையில் வெறும் உறை. வாய் பாதி திறந்தபடி, கேட்க நினைத்த கேள்வியோடு அவர். சிரிக்கவில்லை. சிரிக்காமல் நிற்கிறார், பாஸ்போட் கேட்க ஒருவரும் வரப்போவதில்லை என்று தெரிந்த ஒருவர் நிற்பதுபோல.

"வந்திட்டுது" என்றேன்.

அன்ரி நம்பவில்லை. கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்துத் திருப்பி, தானே பார்த்தார்.